மூன்றாவது துண்டின் மேல்முனை

ஏற்காட்டுக் கருத்தரங்கில் நான் குடித்துவிட்டுப் பேசினேன் என்று பழைய ஆய்வகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். நான் குடிப்பதில்லை. குடிக்கிற ஆளாக இருந்திருந்தால் அன்றைக்குச் சொன்னதை முப்பது வருடம் முன்பே சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஊழியர் மலருக்கு "இனிய பணிக்கால நினைவுகள்" கேட்டு ஆசிரியர் குழு இரண்டு முறை கடிதம் போட்டுவிட்டது. இனிப்பாக என்னிடம் ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் நான் செய்தது, ஆழ்கடலின் தரையிலிருந்து வந்த சேற்றை அறுப்பது, காயவைப்பது, அரைப்பது, அதில் கரிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. அதைத்தான் எழுத முடியும். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போங்கள், யாராவது சமையல் குறிப்பு எழுதியிருப்பார்கள்.

நான் மலைக்காரன். சொந்த ஊர் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு. அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றுதான் கடலை முதல்முறையாகப் பார்த்தேன். "கப்பலில் போக வேண்டியிருக்கும், பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். "எங்க ஊர் ஏரியில பெடல் படகுதானுங்க இருக்குது" என்றேன். சிரித்தார்கள், வேலை கொடுத்தார்கள். முதல் பயணத்தில் பதினோரு நாள் வாந்தி எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் ரம்பத்தைக் கையில் கொடுத்தார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளமான இரும்புக் குழாய், உச்சியில் பெரிய எடை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். கம்பியில் கட்டி இறக்கினால் கிலோமீட்டர் கணக்கில் கீழே போய், கடல் தரையில் செங்குத்தாகக் குத்தி நிற்கும். மேலே இழுத்தால் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஐந்து மீட்டர் சேறு, அடுக்கு கலையாமல் வரும். மேல்நுனியில் இருப்பது சமீபத்தில் விழுந்தது. அடிநுனியில் இருப்பது பல்லாயிரம் வருடப் பழசு. அதை மீட்டர் மீட்டராக அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, மேல்முனை எது என்று அம்புக்குறி வரைந்து, குளிர் அறையில் அடுக்க வேண்டும். இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: முதலில் அம்பு, பிறகு ரம்பம். முழுக் குழாயிலும் அம்பு வரைந்த பிறகுதான் அறுக்க வேண்டும். அறுத்த பிறகு எல்லாத் துண்டும் ஒரே சாம்பல் நிறம். மேல் எது, அடி எது என்று அந்தச் சேறே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

கரிமப் பொருள் என்பது கடலில் செத்த சின்னஞ்சிறு உயிர்களின் மிச்சம். தரையில் விழுவதற்கு முன்பே பெரும்பகுதியை மற்ற உயிர்கள் தின்றுவிடும். விழுந்ததை மேல்மட்டத்துப் புழுக்கள் தின்னும். புழு விட்டதை நுண்ணுயிர்கள் தின்னும். ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு கூட்டம், அது தீர்ந்ததும் நைட்ரேட்டை வைத்து ஒரு கூட்டம், பிறகு இரும்பை வைத்து, அதற்கும் கீழே சல்பேட்டை வைத்து ஒரு கூட்டம். அந்தக் கடைசிக் கூட்டம் இருக்கும் இடத்தில் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஆழம் போகப் போகக் கரிமம் குறையும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. அடியில் மிஞ்சுவது யாராலும் தின்ன முடியாதது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கொட்டச்சேட்டில் காப்பிச் செடிக்கு அடியில் கையை விட்டவனுக்கும் வேண்டியதில்லை. மேலே முழு இலை, கீழே வெறும் நரம்பு, அதற்கும் கீழே கறுப்பு மண். வித்தியாசம் ஒன்றுதான்: மலையில் இரண்டு மழைக்காலத்தில் நடப்பது, கடலடியில் ஒரு சாண் ஆழத்துக்குள் நடந்து முடிய ஆயிரக்கணக்கான வருடம் ஆகும்.

இடையில் கரிமம் கூடுகிற அடுக்குகளும் உண்டு. பருவக்காற்று மாறினால், கடலில் விளைச்சல் கூடினால், அடியில் அதன் தடம் இருக்கும். விஞ்ஞானிகள் அதற்காகத்தான் அலைகிறார்கள். குறைந்துகொண்டே போகிற கோட்டில் எங்காவது ஒரு மேடு கிடைத்தால் ஒரு கட்டுரை, ஒரு வெளிநாட்டுப் பயணம், ஒரு பொன்னாடை.

அளப்பது என் வேலை. இப்போது பையன்கள் வெள்ளிக் கிண்ணத்தில் துளி மண்ணை மடித்து இயந்திரத்தில் போட்டுவிட்டு செல்போன் பார்க்கிறார்கள். எங்களுக்குப் பியூரெட்டுதான், சொட்டு எண்ணும் கண்ணாடிக் குழாய்தான், இயந்திரம். காய்ந்த சேற்றை முதலில் உப்புப் போகக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உப்பும் கரிமம் மாதிரி நடிக்கும். பிறகு அரைத்து, அரை கிராம் எடை போட்டு, ஆரஞ்சு நிற டைக்ரோமேட் கரைசல், அதன்மேல் அடர் கந்தக அமிலம். குடுவை தானாகவே கொதிக்கும். அரை மணி நேரம் தொடக்கூடாது. பிறகு சொட்டுச் சொட்டாக இரும்பு உப்புக் கரைசலை விட வேண்டும். கருநீலமாக நின்று முரண்டு பிடித்துக்கொண்டிருக்கும் குடுவை ஒரே சொட்டில் பச்சையாகும். அந்த ஒரு சொட்டோடு கையை நிறுத்தத் தெரிந்தவன்தான் டெக்னீஷியன். என் பேண்ட் ஒவ்வொன்றிலும் அமில ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைகளை வைத்தே என்னை மாடிப்படியில் அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

என் மேலதிகாரி டாக்டர் சதானந்தம். சேற்றைத் தொட மாட்டார். மணக்கும் கைக்குட்டை ஒன்றை மூக்கருகில் வைத்துக்கொண்டு, பத்தே முக்காலுக்கு ஆய்வகக் கதவில் நின்று, "என்ன அருளப்பா, கடல் என்ன சொல்லுது?" என்பார். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் கேட்பார். எண்கள் நன்றாக வந்தால் "நாம செஞ்சோம்." குடுவை உடைந்தால் "நீ செஞ்ச." அவருடைய தமிழில் தன்மையும் முன்னிலையும் இப்படித்தான் பிரிந்திருந்தன. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகள் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு போன் போட்டுக் கொடுத்தார். அந்த போனை ஒன்பது வருடம் நினைவுபடுத்தினார்.

அவரோடு போன ஒரு பயணத்தில், தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் கப்பலுக்கு வந்திருந்தார். நல்ல வெயில், கடல் அமைதி. குழாய் மேலே வந்தது. நான் மார்க்கர் பேனாவைத் திறந்தேன்.

"முதல்ல அறு, அருளப்பா. எழுதறதெல்லாம் அப்புறம். ஐயா போட்டோவுக்கு நிக்கிறார்" என்றார் சதானந்தம்.

அறுத்தேன். ஐந்து துண்டு, தாங்கியில் வரிசையாக. சதானந்தம் மூன்றாவது துண்டை இரண்டு கையாலும் தூக்கினார், பெரிய மீனைப் பிடித்தவர் மாதிரி. சேற்றோடு அவருக்கு இருந்த தொடர்பு வாழ்நாளில் அந்த நாலு நிமிடம்தான். வெயில் முகத்தில் விழவில்லை என்று இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார், அதிகாரியின் கையில் கொடுத்தார், திரும்ப வாங்கினார். தாங்கியில் வைத்தார். கையைத் துடைத்தார். நான் மூடிகளைப் போட்டு ஐந்து துண்டிலும் அம்பு வரைந்தேன். எந்தத் தலை எந்தப் பக்கம் என்று யோசிக்கவே இல்லை. அது என் தப்பு. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கரைக்கு வந்து அளந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. முதல் இரண்டு துண்டிலும் கரிமம் ஒழுங்காகக் குறைந்துகொண்டு போகிறது. மூன்றாவது துண்டு தொடங்கும் இடத்தில் திடீரென்று ஒரு சறுக்கல். பிறகு அந்த ஒரு மீட்டர் முழுக்க ஏறுகிறது, ஆழத்தோடு ஏறுகிறது! அது முடியும் இடத்தில் மறுபடி தடாலென்று விழுந்து பழைய கோட்டில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு குதிப்பும் சரியாக நான் ரம்பம் வைத்த இடத்தில். கடல் என் ரம்பத்தைப் பார்த்துக்கொண்டா பல்லாயிரம் வருடம் மண் கொட்டியது? அந்தத் துண்டின் எண்களை மட்டும் தலைகீழாக எழுதிப் பார்த்தேன். கோடு வெண்ணெயில் கத்தி போன மாதிரி சேர்ந்தது.

அவர் அறைக்குப் போனேன்.

"சார், மூணாவது துண்டு மேல கீழ மாறியிருக்குதுங்க. குதிக்கிற ரெண்டு எடமும் நான் அறுத்த எடமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார். "அருளப்பா, உன் வேலை என்ன?"

"டெக்னிக்கல் அசிஸ்டெண்டுங்க."

"குழாய் அறுக்கிறது உன் வேலை. வளைவைப் படிக்கிறது என் வேலை. நான் வந்து உன் ரம்பத்தைப் பிடிக்கிறேனா?"

'குழாயைப் பிடிச்சீங்களேங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். "இல்லீங்க" என்றேன். ஆண்டு ரகசிய அறிக்கை எழுதுகிற மாதம் அது. என் குவார்ட்டர்ஸ், என் பதவி உயர்வு எல்லாம் அவர் பேனாவில் இருந்தன. அளவீட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஏறுகோடு கட்டுரையானது. அந்தக் காலத்தில் கடலில் விளைச்சல் பொங்கியதாம், காற்றே திசை மாறியதாம். பெரிய பெயர். பொன்னாடை, பதக்கம், பாடப்புத்தகத்தில் ஒரு படம். யாரோ இருவர் போட்டோவுக்கு நின்றதால் ஒரு மகா சமுத்திரத்தின் காற்றுத் திசை மாறியது என்று உலகத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு ஓய்வுபெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு, கொட்டச்சேட்டில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன்.

சென்ற வருடம் ஒரு பெண் ஏற்காடு ஒண்டிக்கடையில் ஜீப் பிடித்து எங்கள் ஊருக்கு வந்து இறங்கினாள். வாழப்பாடிக்காரி, பெயர் கோமதி, நம் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க சார், நீங்கதானுங்க அருளப்பன்?"

"ஆமா கண்ணு. நீ யாரு?"

"குளிர் ரூம்ல எல்லாக் கொழாயிலயும் உங்க கையெழுத்துதானுங்க. ஆளை நேர்ல பாத்துத் திட்டிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே இருந்து என் மனைவி மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "ஊட்டுக்கு வந்ததும் இவரைத் திட்டற புள்ளையை நொம்ப நாளாக் காணோம். உக்காரு சாமி. காப்பியைக் குடிச்சுப்போட்டுத் திட்டு, தெம்பா இருக்கும்."

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் திட்டினாள். சதானந்தம் குழாய் இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இவளும் ஒரு குழாய் இறக்கியிருக்கிறாள். இவள் சேற்றில் கரிமம் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போகிறது. மேடே இல்லை. ஆய்வுக்குழு ஒப்புக்கொள்ளவில்லை. குழுவில் சதானந்தமும் இருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகும் இப்படிக் குழுக்களில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. "உன் சேம்பிள்தான் கெட்டது, புதிதாக எடுத்து வா" என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக எடுக்கக் கப்பல் வேண்டும். கப்பலில் எப்போது இடம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இவளுடைய உதவித்தொகைக் காலமோ முடியப்போகிறது. முடிந்தால் நாலரை வருட வேலை குப்பை.

"அதனால உங்க பழைய கொழாயோட மறுபாதியைப் பிரிச்சுப் பாத்தேனுங்க. யாருமே பிரிக்காத பாதி." செல்போனை நீட்டினாள்.

குழாயை நெடுக்காகப் பிளந்தால் ஒரு பாதியைச் சோதனைக்கு எடுப்போம், மறு பாதியைச் சுற்றிப் பத்திரப்படுத்துவோம். வெட்டும் கம்பி சேற்றின் முகத்தைப் பூசி மெழுகிவிடும், எதுவும் தெரியாது. இந்தப் பெண் கண்ணாடித் தகட்டால் சேற்றின் முகத்தைக் குறுக்காக, ஒவ்வொரு தடவையும் தகட்டைத் துடைத்து, மெல்லச் சுரண்டியிருக்கிறாள். நெடுக்காகச் சுரண்டினால் அடுக்குகள் ஒன்றோடு ஒன்று பூசிக்கொள்ளும். பொறுமைசாலி. படத்தில், மூன்றாவது துண்டில், விரல் கனத்தில் ஒரு வெளிர்ப் பட்டை. எரிமலைச் சாம்பல்.

சாம்பல் ஒரே மூச்சில் விழும். அதனால் அதன் அடி ஓரம் கத்தியால் கீறியது மாதிரி இருக்கும். விழுந்த பிறகு புழுக்கள் மேலே கிளறிவிடும். அதனால் மேல் ஓரம் கலங்கித் தெரியும். படத்தில் கீறலான ஓரம் என் அம்பு காட்டும் பக்கம் இருந்தது.

"வெட்டுன மாதிரி இருக்கறது மேல, கலங்கலா இருக்கறது அடியில. ஏனுங்க, அந்த எரிமலை கடலுக்கடியில இருந்து மேலாப்பல சாம்பலைத் தூவுச்சுங்களா?"

"இல்லை கண்ணு. துண்டு தலைகீழு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். முழுவதும் சொன்னேன். மரியபுஷ்பத்துக்கும் அன்றுதான் தெரிந்தது. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோமதி செல்போனைப் பையில் போட்டாள்.

"வர்ற வாரம் உங்க ஊர்லயேதானுங்க கருத்தரங்கு, ஆய்வுக்குழுவும் அங்கயேதான் கூடுது. இந்தப் படத்தைக் காட்டுனா, அந்த எடத்துல மட்டும் மண்ணு கலைஞ்சிருக்கும்னு ஒரே வார்த்தையில தள்ளிருவாங்க. அம்பு போட்ட கையி வந்து சொல்லோணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

வருகிறேன் என்றேன். எப்படியும் எனக்கு அங்கே அழைப்பு இருந்தது. மூத்த ஊழியர் என்று ஒரு பொன்னாடை.

ஆழ்கடலைப் பற்றிப் பேச ஏன் மலைக்கு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். மே மாதம், மலை குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். சூறாவளியில் கப்பலில் நின்றோம் என்று கதை சொல்கிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஏரிக்கரை லாட்ஜின் கல்யாண மண்டபம். 'ஆழ்கடல் வண்டல்' என்ற பேனருக்குப் பின்னால் முந்தின நாள் வரவேற்பின் தெர்மாகோல் இதயம் பாதி தெரிந்தது. வாழைப்பழத் தட்டைக் குரங்கு கொண்டுபோனது. அதற்கு இருந்த வேகம் அன்றைக்கு அங்கே வேறு யாருக்கும் இல்லை.

சதானந்தம் முன்வரிசையில், மே மாதத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோமதி தன் கரிம வளைவைக் காட்டினாள், சாம்பல் பட்டையைக் காட்டினாள். முடித்ததும் அவர் மைக்கை வாங்கினார்.

"அம்மா, முப்பது வருஷமா நிக்கிற வளைவு இது. உங்க சேம்பிள்ல லேபிள் மாறியிருக்கலாமே? சின்ன வயசு, கவனம் அங்க இங்க போகும்."

சிரிப்பு. கோமதியின் வழிகாட்டிப் பேராசிரியர் தன் ஷூவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்குழுத் தலைவர், "அப்ப மறுபடி சேம்பிள் எடுக்கச் சொல்லிடலாமா?" என்று கேட்டபடி பேனாவை எடுத்தார்.

நான் கடைசி வரிசையில் எழுந்தேன். "லேபிள் மாறலீங்க. குழாய்தான் மாறிச்சு. மூணாவது துண்டு தலைகீழுங்க. அம்பு போட்டது நான்."

தலைகள் திரும்பின. மைக் தரவில்லை. எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு மைக் வேண்டாம்.

"அம்பு போடறதுக்கு முந்தி அறுக்கச் சொன்னாரு டாக்டர். அந்தத் துண்டைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போட்டோவுக்கு நின்னாரு. திருப்பி வச்சப்ப மாறிப்போச்சு. நான் பாக்காம அம்பு போட்டேன். அப்புறம் கண்டுபிடிச்சு அவருகிட்டச் சொன்னேன். என்ற வேலையைப் பாக்கச் சொன்னாரு. பாத்தேன். அதுவும் தப்புதானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சதானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பில் எவ்வளவு யோசிப்பார் என்று எனக்குத் தெரியும்.

"போட்டோ எடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை," என்றார் மெதுவாக. "ஆனா அருளப்பன் பொய் சொல்ற ஆள் இல்லை. குறி போட்டதுல தப்பு நடந்துடுச்சுன்னு அவரே ஒத்துக்கிறார். பெரிய மனசு. அறிவியல்னா இதுதான். நாம திருத்திக்குவோம்."

தலைவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குறி போட்டதில் ஊழியர் பிழை, கோமதியின் முடிவு ஏற்கப்படுகிறது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று எழுதச் சொன்னார். எழுதுகிறவன் பேனா ஓடியது.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். ஞாபகம் இல்லையா, கைக்குட்டையில் துடைத்தது ஞாபகம் இல்லையா என்று கேட்க வாயில் வந்தது. கேட்டால் என்ன ஆகும்? இரண்டு கிழவர்களின் சண்டையாகும். விசாரணைக் குழு அமைப்போம் என்பார்கள். குழு கூடும், கூடாது, அதற்குள் இந்தப் பெண்ணின் காலம் முடிந்துவிடும். உட்கார்ந்துவிட்டேன். முதல்முறை பயந்து வாயை மூடினேன். இரண்டாம் முறை தெரிந்தே மூடினேன். வாயை மூடும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் கசக்கிறது.

தேநீருக்குப் பிறகு பொன்னாடை. போர்த்தியது சதானந்தம். காதருகே குனிந்து, "நல்லா இருக்கியா அருளப்பா? பாப்பா எங்க வேலை பாக்குது?" என்றார். அடுத்து அந்தப் பள்ளிக்கூட போனைச் சொல்வார் என்று காத்திருந்தேன். கேமரா அடித்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே ஏரிக்கரையில் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பாதியில உட்டுப்போட்டீங்களே? அந்தாளு அப்படியே நழுவிப் போயிட்டாரு."

"உன்ற தீசிஸ் நிக்காமப் போகட்டும்னுதான் கண்ணு."

"என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி உடுங்க. வந்து சொன்னீங்களே" என்று பஸ் ஏறிப் போனாள்.

அவளுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. சதானந்தத்தின் கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பும் வெளிவந்தது. கோமதி அதன் நகலை எனக்கு அனுப்பியிருந்தாள். நாலே வரி. மூன்றாவது துண்டின் மேல்முனையும் அடிமுனையும் மாறிக் குறிக்கப்பட்டிருந்தன, இது தொழில்நுட்ப உதவியாளர் அருளப்பனின் பிழை, இதைச் சுட்டிக்காட்டியவர்களுக்கு ஆசிரியர் நன்றி தெரிவிக்கிறார். முப்பத்து நான்கு வருடம் நான் அளந்த எண்களை வைத்து எத்தனையோ கட்டுரைகள் வந்தன. என் பெயர் அச்சில் வந்தது இதில்தான். மரியபுஷ்பம் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "இதைச் சட்டம் போட்டு மாட்டறதா, அடுப்புல போடறதா?" என்று கேட்டாள்.

அதில் இருப்பது உண்மை. அம்பு போட்டது நான்தான், மறுக்க மாட்டேன். குழாயைத் தூக்கியது யார், முதலில் அறுக்கச் சொன்னது யார், நான் சொன்னபோது கண்ணாடியைத் துடைத்தது யார் என்பதற்கு நாலு வரியில் இடம் போதவில்லை போலிருக்கிறது. ஊழியர் மலரில் இடம் இருக்கிறது என்று சொன்னீர்கள். எழுதிவிட்டேன். ஒரு வரி வெட்டாமல் போடுங்கள்.